ட்ரிப் தகவலுக்கும் எக்ஸ்பைரி டேட் உண்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறேன்.)

காலண்டரில் ஒரு லாங் வீக்கெண்ட் தெரிந்தாலே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்து விழும்: "ஊட்டி போலாமா?" அடுத்த அஞ்சு நிமிஷத்தில் பத்துப் பன்னிரண்டு ரீல்ஸ், நாலு ஹோட்டல் லிங்க், ஒருத்தர் சாட்ஜிபிடியில் கேட்டு வாங்கிய மூணு நாள் பிளான் எல்லாம் வந்துடும். இன்னொருத்தர் "என் கசின் போன வருஷம் போனான், செம்மயா இருந்துச்சாம்" என்று சாட்சி சொல்வார். தகவலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் சனிக்கிழமை காலையில் மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு செக்போஸ்டில் நின்றுகொண்டு "இ-பாஸா? அப்படின்னா?" என்று கேட்பதும் இதே குரூப்தான்.

இன்றைய எபிசோட் அதைப் பற்றித்தான். ஒரு ட்ரிப்பை முடிவு பண்ணும்போது நமக்குத் தகவல் எங்கிருந்து வருகிறது, அதில் எதை எதற்கு நம்பலாம். பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும். அதனால் நம்மில் பாதிப் பேர் போன, மீதிப் பேர் போகப் போகிற நீலகிரியையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

நான் பேக்எண்ட் ஆள். எங்கள் வேலையில் 'கேஷ்' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸ் வரை போய்க் கேட்டால் நேரமாகும் என்று, பதிலை ஒரு பிரதி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். அந்தப் பிரதி எவ்வளவு நேரம் செல்லும் என்று ஒரு கெடுவும் வைப்போம். கெடு தாண்டினால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி மூலத்திடம் கேட்க வேண்டும். ட்ரிப்புக்காக நாம் பார்க்கிற ரீல், ரிவ்யூ, மேப், பிளான் எல்லாமே இந்த மாதிரிப் பிரதிகள்தான். ஒரே ஒரு வித்தியாசம், யாரும் அதில் கெடு எழுதி ஒட்டுவதில்லை.

அதனால் எந்தத் தகவல் வந்தாலும் நான் ரெண்டு கேள்வி கேட்பேன். ஒண்ணு: இது எப்போது சொன்னது? ரெண்டு: இது தப்பாகப் போனால் யாருக்கு நஷ்டம்? மீதி எபிசோட் முழுக்க இந்த ரெண்டு கேள்விதான்.

ரீல்ஸ்: ஆசை வரும், தேதி வராது

எனக்கு ரீல்ஸ் மேல் கோபம் எதுவும் இல்லை. "எங்கே போகலாம்?" என்ற கேள்விக்கு அதைவிட வேகமான பதில் கிடையாது. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்கு மேல் மேகம் இறங்குவதை முப்பது வினாடியில் காட்டுவதை எந்தக் கையேடும் செய்யாது.

ஆனால் ரீலில் இல்லாதது தேதி. போன வருஷ வீடியோ மேல் இந்த வருஷ மியூசிக்கைப் போட்டால் அது புது ரீல். நீலக்குறிஞ்சியை எடுத்துக்கோங்க. அந்த வகைக் குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் கூட்டமாகப் பூக்கும். மூணாறு பக்கம் கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018-ல்; அடுத்தது 2030. ஆனால் மலை முழுக்க நீலமாக இருக்கிற வீடியோ வருஷா வருஷம் நம் ஃபோனுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு, வெவ்வேறு கணக்கில் பூப்பவை. அதனால் எங்கேயாவது ஏதாவது ஒரு குறிஞ்சி பூத்திருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. எந்த மலை, எந்த இனம், எந்த மாசம் என்பதை அந்த வீடியோவிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

ரெண்டாவது கேள்விக்கு வருவோம். ரீல் போட்டவர் சொன்னது தப்பானால் அவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. ஏமாந்து போன நீங்கள் கமெண்டில் திட்டினால், அதுவும் அவருக்கு ரீச். அது ஒரு ரிசார்ட் காசு கொடுத்துப் போட்ட வீடியோவாகவும் இருக்கலாம். விளம்பரம் என்றால் விளம்பரம் என்று போட வேண்டும் என இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-ல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு விதிமுறை வெளியிட்டது. அந்தச் சின்ன எழுத்து மூலையில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்க.

ரிவ்யூ: நட்சத்திரத்தை விடுங்க, வாக்கியத்தைப் படிங்க

இடம் முடிவாச்சு. அடுத்து, எங்கே தங்குவது? இங்கே நாம் நட்சத்திரத்தை எண்ண ஆரம்பிக்கிறோம்.

2017-ல் லண்டனில் நடந்த ஒரு கதை. ஊபா பட்லர் என்று ஒரு பத்திரிகையாளர். தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த ஷெட்டை 'தி ஷெட் அட் டல்விச்' என்ற பெயரில் டிரிப்அட்வைசரில் உணவகமாகப் பதிவு செய்தார். சாப்பாடும் கிடையாது, கடையும் கிடையாது. நண்பர்களை வைத்துப் பொய் ரிவ்யூ எழுத வைத்தார். யார் கேட்டாலும் டேபிள் காலி இல்லை என்று சொன்னார். சில மாதங்களில் அந்த ஷெட் லண்டனின் நம்பர் 1 உணவகமாக வந்துவிட்டது! இல்லாத கடைக்கு ஜனங்கள் டேபிள் கேட்டு ஃபோன் பண்ணினார்கள்.

அது ஒரு ஓரத்தில் நடந்த விஷயம், சரி. உண்மையான ரிவ்யூவிலும் ஒரு சாய்வு உண்டு. ரொம்பப் பிடித்தவர் எழுதுவார், ரொம்பக் கடுப்பானவர் எழுதுவார். "பரவாயில்லை, ஓகே" என்று நினைத்தவர் வீட்டுக்கு வந்து துணி துவைக்கப் போய்விடுவார். அதனால் 4.3-க்கும் 4.1-க்கும் நடுவில் இருக்கிற அந்த 0.2-ல் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. இந்தியாவில் 2022-ல் பிஐஎஸ் அமைப்பு ஆன்லைன் ரிவ்யூவுக்கு என்றே ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிர்ணயம் கொண்டுவந்தது. ஆனால் அது கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் வந்தது. ஆக, வேலை நம் தலையில்தான்.

நான் செய்வது இதுதான். முதலில் 'புதியது முதலில்' என்று வரிசையை மாற்றுவேன். ஓனரோ மேனேஜரோ மாறினால் ஹோட்டலே மாறிவிடும். மூணு வருஷத்துக்கு முந்தைய அஞ்சு ஸ்டார் வேறு ஒரு ஹோட்டலுக்குக் கொடுத்தது. அப்புறம் மூணு ஸ்டார் ரிவ்யூக்களை மட்டும் படிப்பேன். "ரூம் நல்லா இருந்துச்சு, ஆனா காலைல எட்டு மணிக்கு மேல வெந்நீர் வரல" என்று ஒருவர் எழுதியிருப்பார். ஊட்டியில் டிசம்பரில் தங்கப் போகிறவருக்கு அந்த ஒரு வரி நாலு நட்சத்திரத்தைவிடப் பெரிசு. கடைசியாக, ரிவ்யூக்குள்ளேயே தேடுவேன்: பார்க்கிங், வெந்நீர், படிக்கட்டு. நமக்கு எது முக்கியமோ அந்தச் சொல்லைப் போட்டுத் தேடணும்.

மேப்: தூரம் தெரியும், விதி தெரியாமல் போகலாம்

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட பகுதிக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பெங்களூரிலிருந்து ஊட்டிக்கு மைசூர், குண்டலுபேட்டை, பந்திப்பூர், முதுமலை வழியாகப் போகிறோம். தெப்பக்காட்டில் பாதை ரெண்டாகப் பிரியும். ஒன்று கூடலூர் வழி. இன்னொன்று மசினகுடி வழியாகக் கல்லட்டி மலைப்பாதை. கல்லட்டி வழி ஏறக்குறைய பாதித் தூரம்தான். மேப் கண்ணுக்கு அது லாபம். ஆனால் அந்தச் சின்னத் தூரத்துக்குள் 36 கொண்டை ஊசி வளைவு. சரிவு செங்குத்து. சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர் இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வருவார். பிரேக் சூடாகும், ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும்.

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து போன 7 பேர் இருந்த கார் அந்தப் பாதையில் பள்ளத்தில் விழுந்தது. விழுந்தது உடனே யாருக்கும் தெரியவில்லை. ரெண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். 5 பேர் உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு, வெளியூர் வண்டிகள் கல்லட்டி வழியாகக் கீழே இறங்க அனுமதி இல்லை என்று நிறுத்தினார்கள். நீலகிரி பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகள் மட்டும் இறங்கலாம்.

இப்போது யோசிச்சுப் பாருங்க. அந்தச் சாலை இருக்கிறது. உள்ளூர் வண்டிகள் தினமும் அதில் இறங்குகின்றன. அந்த ஃபோன்களிலிருந்து போகிற தரவு "இந்த வழி நன்றாக ஓடுகிறது" என்றுதான் சொல்லும். உங்கள் நம்பர் பிளேட்டில் என்ன எழுதியிருக்கிறது, உங்களுக்கு மலையில் ஓட்டிப் பழக்கம் உண்டா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. மேப் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வி "எது சீக்கிரம்?" கேட்டிருக்க வேண்டியது "எனக்கு எது அனுமதி, எது பத்திரம்?"

இதே மாவட்டத்தில் இன்னொன்று. 2024 ஜனவரியில் ஊட்டியிலிருந்து கர்நாடகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு எஸ்யூவி, மேப் காட்டிய வழியில் போய், கூடலூரில் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. ஊர்க்காரர்களும் போலீசும் சேர்ந்து மீட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாததால் சிரித்துவிட்டுப் போகலாம்.

அப்புறம் நேரம். பந்திப்பூர், முதுமலை காட்டுச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். பந்திப்பூர் பக்கம் இந்தத் தடை 2009-லிருந்தே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து 6 மணிக்கு பெங்களூரை விட்டுக் கிளம்பினால் 9 மணிக்குள் அந்தக் கேட்டைத் தொட முடியாது. மேப் எப்போதும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நம்பி உட்காராதீங்க. ஒன்று மதியமே கிளம்பணும், இல்லை மைசூரில் படுத்துவிட்டு விடியற்காலை கிளம்பணும்.

கோவைப் பக்கத்திலிருந்து ஏறுபவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. கோடை சீசனில், முக்கியமாக மே மாசம் மலர்க் கண்காட்சி சமயத்தில், போலீஸ் ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். இந்த அறிவிப்பு முதலில் வருவது மாவட்ட நிர்வாகம், போலீஸ் தரப்பிலிருந்துதான்.

அரசுப் பக்கம்: அழகு இருக்காது, ஆனால் மூலம் அதுதான்

இ-பாஸ் விஷயம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி எடுத்துப் போக இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7-லிருந்து நடைமுறைக்கு வந்தது. கட்டணம் கிடையாது. பஸ்ஸில் போனால் தேவை இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு படி மேலே போய், எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அதாவது ரூம் புக் ஆகி, காசும் கட்டி, பாஸ் கிடைக்காமல் போக வாய்ப்பு உண்டு. ஆகவே பாஸ் முதலில், ரூம் அப்புறம். இந்த விதி சீசனுக்குச் சீசன் மாறும். நான் இப்போது சொல்வதும் ஒரு பிரதிதான்! கிளம்புகிற வாரம் அரசுத் தளத்திலேயே பார்த்துக்கோங்க.

மலை ரயிலும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர்; 2005-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஏற ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகும், இறங்க மூணரை. ஐஆர்சிடிசியில் தேட வேண்டிய ஸ்டேஷன் பெயர் உதகமண்டலம். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள். பழைய வீடியோக்கள் இன்னும் 120 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் ரயிலை ரத்து செய்வார்கள், அதையும் மனசில் வைத்துக்கோங்க.

மழை என்றதும் ஒன்று சொல்லணும். வானிலை ஆப்பில் 'ஊட்டி' என்று போட்டுப் பார்ப்பது போதாது. நீலகிரி ஒரே மாவட்டம்தான், ஆனால் மழைக்கு ரெண்டு முகம். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. "ஆகஸ்ட்ல ஊட்டி எப்படி?" என்று கேட்டால் பதில் கிடையாது, மலையின் எந்தப் பக்கம் என்று கேட்கணும். வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்க. கூடவே 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போடுகிற பதிவையும் பாருங்க.

ஏஐ: அடுக்கிக் கொடுக்கும், நேரில் பார்த்ததில்லை

என் வேலையில் தினமும் ஏஐ பயன்படுத்துகிறேன், அதனால் பயமுறுத்தப் போவதில்லை. மூணு நாள், நாலு பேர், ஒரு குழந்தை, காரில் வாந்தி எடுப்பவர் ஒருத்தர் என்று சொன்னால் அழகாக அடுக்கிக் கொடுக்கும். யோசிக்காத கேள்விகளைக் கேட்கவும் உதவும்.

ஆனால் அது எழுதுவது, படித்ததிலிருந்து பொருத்தமான அடுத்த சொல் எது என்ற கணக்கில். இன்றைக்கு கேட் திறந்திருக்கிறதா என்று அது போய்ப் பார்ப்பதில்லை. வலையில் தேடிச் சொல்கிற வகை ஏஐயும் நாம் மேலே பேசின அதே பழைய பக்கங்களைத்தான் படிக்கும். 2023 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளத்தில், கனடாவின் ஒட்டாவா நகரில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் மூணாவது இடம், ஏழைகளுக்கு உணவு கொடுக்கிற 'ஒட்டாவா ஃபுட் பேங்க்'. போதாததற்கு, வெறும் வயிற்றோடு போங்கள் என்று ஒரு யோசனை வேறு! அல்காரிதமும் மனிதரும் சேர்ந்து தயாரித்தது, மனிதப் பார்வையில் தவறிவிட்டது என்று அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. எனக்கு அந்த விளக்கம்தான் முக்கியம். கடைசியாகப் பார்க்க வேண்டிய மனிதர் பார்க்கவில்லை. உங்கள் ட்ரிப்பில் அந்த மனிதர் நீங்கள்தான்.

ஒரு ஃபோன் கால்

எல்லாம் முடிந்த பிறகு நான் செய்கிற ஒரு பழைய காலத்து வேலை, ஃபோன் பண்ணுவது. அம்மா அப்பாவோடு குன்னூர் போக ஒரு ஹோம்ஸ்டே பார்த்து வைத்திருந்தேன். பக்கத்தில் நாற்பது ஃபோட்டோ. எதிலும் படிக்கட்டு இல்லை. ஃபோன் போட்டேன்.

"அக்கா, கார் நிறுத்துற இடத்துல இருந்து ரூமுக்கு எத்தனை படி?"

"இருபத்திரெண்டு படி தம்பி. யாருக்காச்சும் முடியாதா?"

"அம்மாவுக்கு முட்டி வலி."

"அப்ப மேல் ரூம் வேணாம். கீழ எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு, வியூ கம்மி, ஆனா படி ரெண்டே ரெண்டு. சனிக்கிழமை காலைல ஏறாதீங்க தம்பி, பர்லியாறுலயே நின்னுடுவீங்க. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள வந்துடுங்க."

ஒன்றரை நிமிஷம். எந்த ஆப்பிலும் இல்லாத மூணு தகவல். அவருக்கும் ரூம் நிரம்ப வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது தப்பானால், அந்தக் கோபத்தை அன்று சாயங்காலமே வாசலில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியவர் அவர்தான். நான் கேட்கிற ரெண்டு கேள்விக்கும் இதைவிட நல்ல பதில் கிடையாது: தகவல் இன்றையது, தப்பினால் அவருக்கும் நஷ்டம்.

"எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்காதீங்க. "சூப்பரா இருக்கும்" என்றுதான் பதில் வரும். எண்ணிக்கை கேளுங்க, நேரம் கேளுங்க: எத்தனை படி, வெந்நீர் எத்தனை மணி வரை, நேற்று மழை எப்படி, வந்தவங்க எந்த வழியா வந்தாங்க.

சுருக்கமாக

ரெண்டு மாசம் முன்னால்: ரீல்ஸ் பாருங்க, ஆசைப்படுங்க, ரயில் டிக்கெட் போடுங்க. ஏஐயிடம் ஒரு வரைவு வாங்குங்க. ஒரு வாரம் முன்னால்: இ-பாஸ், சாலை விதி, நேரக் கட்டுப்பாடு, எல்லாம் அரசுப் பக்கத்தில். முந்தின நாள்: வானிலை எச்சரிக்கை, அப்புறம் தங்கப் போகிற இடத்துக்கு ஒரு ஃபோன். மலையில் ஏதாவது ஒரு போலீஸ்காரர் "இந்த வழி வேண்டாம்" என்று சொன்னால், கையில் இருக்கிற மேப்பைக் காட்டி வாதாடாதீங்க.

இன்னொரு வேண்டுகோள். நாம் எல்லோரும் ஒரே பத்து ரீலைப் பார்த்து ஒரே பத்து இடத்துக்குப் போவதால்தான் நீதிமன்றம் வரை போய் வண்டிகளை எண்ண வேண்டிய நிலை வந்திருக்கிறது. அந்த நெரிசலில் ஆம்புலன்சும் நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ்ஸும் நிற்கும். போய்ட்டு வந்ததும் ரிவ்யூ எழுதுங்க, ஆனால் அடுத்து வருகிறவருக்குப் பயன்படுகிற மாதிரி எழுதுங்க. எந்த மாசம் போனீங்க, எந்த வழி, எத்தனை மணி, எத்தனை படி. "சூப்பர் பிளேஸ்" என்று எழுதுவதற்குப் பதிலாக அந்த நாலையும் போட்டால், முட்டி வலியோடு இருக்கிற யாரோ ஒரு அம்மாவுக்கு அது உதவும்.

நீங்கள் ட்ரிப் போகும் முன் தவறாமல் கேட்கிற ஒரு கேள்வி எது? எழுதி அனுப்புங்க. நல்லதாகப் பத்தை எடுத்து அடுத்த எபிசோடில் படிக்கிறேன். அதுவரைக்கும், மலையில் இறங்கும்போது ரெண்டாவது கியரிலேயே இறங்குங்க. பார்க்கலாம், பை!